சீவாளியை நறுக்கினா நாயனம் நிக்குமா, மருமவனே?

ஏலே மருமவனே, அந்தச் சாய்வு நாற்காலில சாஞ்சு உக்காரு. அத்தை வச்ச நாட்டுக்கோழிக் கொழம்பும், வேண்டாம் வேண்டாம்னு மூணு தடவை வாங்கித் தின்ன சோறும் செமிக்கணும்லா. வந்து அரை மணி நேரமாச்சு. பயிர் எப்படி மாமா, கொளத்துல தண்ணி கெடக்கா மாமான்னு கேட்டுக்கிட்டே இருக்க. என்னைக்குலே நீ பயிரப் பத்திக் கேட்ட? உங்கம்மா நேத்தே போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டா. "அண்ணே, இவன் போடுத கொறட்டையில மருமவ தலவாணியத் தூக்கிக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டா. இவன் மெட்ராஸ்ல எங்கயோ உள்நாக்குக்கு லேசர் வைக்கப் போறானாம். ஒண்ணே கால் லட்சமாம். உங்கிட்டதான் கேக்க வாரான்"ன்னா.

பணம் இருக்கு. தாரதும் தாராததும் பொறவு. மொதல்ல அந்த விளம்பரத்தப் போன்ல எடுத்துக் காட்டு, பாப்பம். "இருபதே நிமிடம். கத்தியில்லை, ரத்தமில்லை, படுக்கையில்லை." அடடா, எங்கூரு எலெக்சன் நோட்டீசு தோத்துது போ. படத்தப் பாரு, புருசனும் பொஞ்சாதியும் ஒரே தலவாணில சிரிச்சிக்கிட்டே தூங்குதாவ. தூங்கும்போது எவம்லே சிரிப்பான்?

ஒம் மாமன் படிக்காதவந்தான். ஆனா முப்பத்தோரு வருசம் பெரியாஸ்பத்திரில காது மூக்கு தொண்டை ஆபரேசன் தியேட்டர்ல வேலை பாத்தவன். மூக்குல சட்டைப் பொத்தானப் போட்ட பயலுவ, தொண்டையில மீன் முள்ள விட்ட பெரிய மனுசன்மாரு, எல்லாரையும் வாயத் தொறந்து பாத்தாச்சு. ஊர்ல பாதிப்பேர எனக்கு மொகத்த விட உள்நாக்குதான் நல்லாத் தெரியும். இப்ப நம்ம பேத்தி அதே படிப்பு மேப்படிப்பு படிக்கா. லீவுக்கு வந்தா அவ புத்தகத்த வச்சு நானும் அவளும் சண்டை போடாத நாளு கெடையாது. அதனால கோழி தின்ன மயக்கத்துல மாமன் ஒளறுதான்னு நெனைக்காத.

வாயத் தொற. நாக்க நல்லா நீட்டு. ஏலே, "ஆ"ன்னு கத்தாத, சும்மா தொற. கத்துனா அண்ணம் மேல ஏறிக்கிட்டுப் பொய் சொல்லும். ம்ம்… உள்நாக்கக் காணும். டான்சிலக் காணும். நாக்குதான் எரும மடையில படுத்தாப்புல வாய் முழுக்கக் கெடக்கு. இது நாலாம் நம்பரு. சேஷகிரி மல்லம்பட்டின்னு ஆந்திராவுல பொறந்தவரு, அமெரிக்காவுல மயக்க டாக்டரா இருந்தாரு. மயக்கம் குடுத்தா இந்த ஆளுக்கு தொண்டையில குழா எளிசா எறங்குமான்னு கண்டுபிடிக்க 1985ல அவரு சொன்ன கணக்கு இது. அவரு மூணா வச்சாரு, பின்னால வந்தவங்க நாலாக்குனாவ. கடைசி நம்பரு எடுத்தா பரீச்சையிலதான் அடி விழும்னு இருந்த, இல்லா? இங்கயும் விழும்.

எப்படின்னு கேளு. ஃப்ரீட்மன்னு ஒரு அமெரிக்க டாக்டரு, இதே மாதிரி நாக்கு நெலையையும் டான்சில் பருமனையும் சேத்து வச்சு, 2002ல ஆபரேசன் பண்ணுன ஆளுகளக் கூறு பிரிச்சாரு. டான்சில் பெருசு, நாக்கு அடக்கம்னா, அண்ணத்துல கத்தி வச்சதுல பத்துக்கு எட்டு பேரு தேறுனாவ. டான்சில் சின்னது, நாக்கு உன்னைய மாதிரின்னா, பத்துக்கு ஒருத்தன் கூட முழுசாத் தேறல. கத்தி ஒண்ணுதாம்லே, தொண்டைதான் வேற.

இப்ப கொறட்டைன்னா என்னன்னு சொல்லுதேன். நம்ம அம்மன் கோயில் கொடையில நாயனம் வாசிக்காருல்லா, அவரு வாயில வைக்கிது என்னது? சீவாளி. நாணல் தட்டையச் சீவிப் பண்ணுனது. அது அதிருதுனாலதான் நாயனம் பேசுது. ஒந் தொண்டையில அண்ணத்தோட பின்பக்கம் எலும்பு கெடையாது, வெறுஞ் சதை. அதுல தொங்குதது உள்நாக்கு. முழிச்சிருக்கும்போது அத சதை இழுத்துப் புடிச்சிருக்கும். தூங்குனா எல்லாம் தளந்து போவும். வாய்க்கால் குறுகுன எடத்துல தண்ணி வேகமா ஓடி கரைய இழுக்குமே, அதே மாதிரி குறுகுன தொண்டையில காத்து வேகமாப் போயி, தளந்த சதைய உள்ள இழுத்துப் படபடன்னு அடிக்கும். அதான் ஒம் பொஞ்சாதி கேக்குத கச்சேரி. ஆனா ஒரு கூத்து என்னன்னா, இந்த நாயனத்துல சீவாளி ஒரு எடத்துல மட்டும் இல்ல. அண்ணம் அதிரலாம், டான்சில் அடைக்கலாம், நாக்கோட அடிப்பாகம் பின்னால சரியலாம், தொண்டைச் சுவரே ரெண்டு பக்கமும் ஒட்டலாம். எந்த எடம்னு பாக்காம எவனாவது சீவாளிய நறுக்குனா நாயனக்காரரு அவனச் சும்மா விடுவாரா?

ஒன் லேசர்காரன் விளம்பரத்துக்கு வருவம். அண்ணத்தையும் உள்நாக்கையும் லேசர்ல சுட்டுச் சுருக்குத வேலைய பாரிசுல கமாமின்னு ஒரு டாக்டரு 1980கள் கடைசியில தொடங்குனாரு. ஆஸ்பத்திரில படுக்க வேண்டாம், மரத்துப்போவ ஊசி போட்டு நாற்காலிலயே முடிச்சிருவாவ. அதெல்லாம் நெசந்தான். இருபது நிமிசமும் நெசந்தான். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் எச்சி முழுங்கும்போதெல்லாம் பேசுமே ஒரு வலி, அதப் பத்தி விளம்பரத்துல ஒரு வரி இருக்கா, தேடிப் பாரு. சுட்ட எடம் தழும்பாகி இறுகுனா சில பேருக்குத் தொண்டை முன்ன விடக் குறுகியும் போவும். தூக்கத்துல மூச்சு நிக்கிற சீக்கு உள்ளவனுக்கு இத வழக்கமா பண்ணாதீகன்னு அமெரிக்கத் தூக்க வைத்தியச் சங்கமே சொல்லியாச்சு.

லேசர் வேண்டாம்னா ஊசிக் கம்பியச் சதைக்குள்ள விட்டு, மேல சுடாம உள்ளுக்குள்ளயே பக்குவமா வேக வைக்கிற முறை ஒண்ணு இருக்கு. ரேடியோ அலை வைத்தியம்னு பேரு. 1998ல ஸ்டான்ஃபோர்டு டாக்டர்மாரு சொன்னது. வலி கம்மி, ஆனா ரெண்டு மூணு தடவை போவணும், வருசம் ஆவ ஆவ பழைய ராகம் திரும்பவும் எட்டிப் பாக்கும். இன்னொண்ணு கேளு, சிரிக்காத. அண்ணத்துக்குள்ள மூணு குச்சி சொருவுதாவ. ஒவ்வொண்ணும் 18 மில்லி மீட்டரு. எதுல பண்ணுனதுன்னு நெனைக்க? பாலியஸ்டரு. எங்க கல்யாணத்துக்கு நான் போட்டேனே டெரிலீன் சட்டை, அந்தச் சாதிதான். கொடித் துணி ஆடாம கம்பு குடுக்குத மாதிரி. சில பேருக்கு அந்தக் குச்சி ஒரு நாள் காலையில தானா வெளிய எட்டிப் பாக்கும். பல்லு குத்த வச்ச குச்சியோன்னு நீ தேடுவ.

அமெரிக்காவுல வால்டர் ரீடுன்னு பட்டாளத்து ஆஸ்பத்திரி. கால்ல நரம்பு முடிச்சு முடிச்சா சுருண்டு நிக்கும்லா, அத வத்தடிக்குத மருந்த அண்ணத்துலயே ஊசியாப் போட்டு, தழும்பாக்கி வெறைக்க வைக்கலாம்னு 2000 வாக்குல அங்க இருந்தவங்க கண்டுபிடிச்சாவ. பட்டாளத்துக்காரனுக்குல்ல தெரியும் கொறட்டையோட அருமை. ஒரே கூடாரத்துல முப்பது பேரு!

இதெல்லாம் உனக்கு எதுக்குச் சொல்லுதேன்? ஏன்னா பெரிய வெட்டு வெட்டிக்கிட்டவன் ஒருத்தன் ஒன் முன்னால உக்காந்திருக்கான்.

என்னலே முழிக்க? ஆமா, நாந்தான். 1994. அப்ப நீ உங்கம்மா இடுப்புல. பெரிய டாக்டரு நல்ல மனுசன், கைராசிக்காரரு, அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. "ஏப்பா, நைட் டூட்டில நீ தூங்குனா ஐசியூ அலாரம் கேக்கமாட்டேங்குது, உனக்கே பண்ணிருவோமா?"ன்னாரு. ஃபுஜிட்டான்னு டெட்ராய்ட்ல இருந்த டாக்டரு 1981ல எழுதுன ஆபரேசன் அது. அதுக்கு முன்னாலயே ஜப்பான்ல இக்கெமாட்சுன்னு ஒருத்தரு 1950கள்லயே கொறட்டைக்கு அண்ணத்துல கத்தி வச்சிருக்காரு. டான்சில எடுத்து, உள்நாக்க நறுக்கி, அண்ணத்து ஓரத்த வெட்டி, மடக்கித் தையல் போடணும். முழு மயக்கம். எத்தனையோ பேரத் தள்ளிக்கிட்டுப் போன அதே தள்ளுவண்டில நான் மல்லாந்து போனேன். கூட வேல பாக்குத பயலுவ எல்லாம் வரிசையா நின்னு சிரிக்கானுவ.

முழிச்சப்ப தொண்டையில யாரோ முள்ளுக்கம்பி வேலி போட்டாப்புல இருந்துச்சு. பன்னெண்டு நாளு. சோறு கெடையாது. அத்தை ஆறுன கஞ்சிய வடிகட்டி ஸ்பூன்ல குடுப்பா. ஒவ்வொரு முழுங்குக்கும் காதுக்குள்ள சுரீர்னு இழுக்கும், தொண்டையில வெட்டுனா காது எதுக்கு வலிக்குதுன்னு நான் அழுவுவேன். ஒன்பது கிலோ கொறஞ்சேன். ஊர்ல கேட்டவங்களுக்கெல்லாம் உங்கத்தை, "அவ்வோளுக்கு நாக்கு நீளம், கொஞ்சம் வெட்டி விட்டிருக்கு"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

பொறவு நம்ம பெரியப்பா மவன் கல்யாணம். பந்தில உக்காந்திருக்கேன், பக்கத்துல சம்பந்தக்காரரு, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை. அடைப்பிரதமன் ஊத்துதாவ. ஆசையா ஒரு மடக்கு குடிச்சேன். அந்த நேரம் பாத்து அவரு ஒரு சோக்குச் சொன்னாரு. நான் சிரிச்சேன். அம்புட்டுதான். பிரதமன் ரெண்டு மூக்கு வழியாவும் வந்துச்சுலே! ஒரு சவ்வரிசி அவரு பையில போயி விழுந்துச்சு. முழுங்கும்போது மூக்குக்குப் போவாமத் தடுக்குத கதவு இந்த அண்ணம்தான். அந்தக் கதவோட ஓரத்த வெட்டியாச்சு, அப்ப அது பொருந்துமா? ஆறேழு மாசத்துல சதை பழகி அந்தக் கோளாறு சரியாச்சு. சம்பந்தக்காரருதான் இன்னைக்கும் எம் பக்கத்துல எல போடமாட்டாரு.

சரி, கொறட்டை நின்னுதான்னு கேக்க மாட்டியா? நின்னுது. அதுலதாம்லே ஆபத்தே.

மூணாவது மாசம். ராத்திரி உங்கத்தை முழிச்சுப் பாக்கா. சத்தமே இல்ல. முப்பது வண்டி மாடு போற ரோட்டுல திடீர்னு ஒண்ணுமில்லன்னா எப்படி இருக்கும்? எம் மூக்குக்கு நேரா வெரல வச்சுப் பாத்தாளாம். காத்து வரல. நெஞ்சு மட்டும் ஏறி எறங்குது, வயிறு துடிக்குது, காத்து வரல. அவகிட்ட ரேடியம் முள்ளு வச்ச அலாரக் கடியாரம் ஒண்ணு உண்டு, அதப் பாத்து எண்ணியிருக்கா. ஒண்ணு, ரெண்டு… இருவத்திமூணு. இருவத்திமூணுல நான் "ஹக்"குன்னு ஒதறி எந்திரிச்சு மூச்ச இழுத்தேனாம், திரும்பப் படுத்தேனாம். எனக்கு ஒண்ணுமே தெரியாது. அன்னைக்கு ராத்திரி அவ தூங்கவே இல்ல. மறுநாள் அடுப்புச் சுவத்துல கரியால கோடு கோடாப் போட்டு வச்சிருந்தா. என்னளா இது, பால் கணக்கான்னு கேட்டேன். "நீரு செத்த கணக்கு"ன்னா.

வெளங்குதா மருமவனே? கொறட்டைங்கிறது வீட்டுல கொலைக்குத நாய். திருடன் வந்திருக்கான்னு சொல்லத்தான் அது கொலைக்குது. நாங்க நாயோட தொண்டைய நறுக்கிட்டோம், திருடன் உள்ளயே இருந்தான். எனக்கு அடைச்சது அண்ணம் மட்டுமில்ல, கீழ நாக்கோட அடியும் சேந்து சரிஞ்சிருக்கு. அந்தக் காலத்துல எங்கூர்ல தூக்கத்துக்கும் டெஸ்ட் உண்டுன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டு வருசத்துல நாயும் திரும்ப வந்துட்டு, அது வேற கதை. உலகம் பூராவும் அந்த ஆபரேசன் கணக்க ஒண்ணாச் சேத்து 1996ல பாத்தப்ப, மூச்சு நிக்கிற சீக்குல தேறுனது நூத்துக்கு நாப்பதுதான்னு பேத்தி புத்தகத்துல போட்டிருக்கு. அறுவதுல ஒருத்தன் நான்.

இப்ப இருக்கவங்க அப்படி வெட்டி வீசதில்ல, அதையும் சொல்லிருதேன். சிங்கப்பூர் டாக்டர் ஒருத்தரும் அமெரிக்க டாக்டர் ஒருத்தரும் 2007ல ஒரு வழி சொன்னாவ: சதைய எடுக்காம, தொண்டைச் சுவத்துல இருக்க தசைய அவுத்துத் திருப்பி, பக்கவாட்டுல இழுத்துக் கட்டுதது. முள்ளு வச்ச தையல் நூல் கூட வந்தாச்சு, முடிச்சுப் போட வேண்டாம், அதுவே சதையக் கவ்விக்கிடும். கூடாரத்துணியக் கிழிக்காம கயித்த இழுத்துக் கட்டுத வேலை. ஆளப் பாத்து, எடத்தப் பாத்துப் பண்ணுனா நல்லாவே இருக்குன்னு பேத்தி சொல்லுதா.

எடத்த எப்படிப் பாக்கிறது? மருந்து குடுத்துத் தூங்க வச்சு, கொறட்டை வந்தப்புறம் மூக்கு வழியா மெல்லிய குழாய விட்டு, எந்தச் சதை எங்க விழுதுன்னு கண்ணாலயே பாக்காவ. லண்டன்ல 1991ல தொடங்குன வழக்கம். ஒன் இருபது நிமிசக்காரன் அதெல்லாம் பாத்தானா? நீ போன் பண்ணுன உடனே எப்ப வாரீங்கன்னுதானே கேட்டான்?

அதுக்கும் முன்னால ஒண்ணு இருக்கு. அந்தத் தூக்க டெஸ்ட். ஒரு ராத்திரி தலையில வயரு, நெஞ்சுல பட்டை, வயித்துல பட்டை, வெரல்ல கிளிப்பு, மூக்குல சின்னக் குழாய், காவடி எடுக்கப் போறவன் மாதிரி உன்னைய சோடிச்சுப் படுக்க வைப்பாவ. பத்து செகண்டு மூச்சு நின்னா ஒரு கணக்கு. காத்து நூத்துக்கு முப்பது பங்காவது கொறஞ்சு ரத்தத்துல ஆக்சிஜன் எறங்குனாலும் கணக்குதான். மணிக்கு அஞ்சுக்குள்ளன்னா வெறுங் கொறட்டை, பொஞ்சாதி பிரச்சினை. அஞ்சுலருந்து பதினஞ்சு லேசு. முப்பது வரைக்கும் நடுத்தரம். முப்பதத் தாண்டுனா தீவிரம். நான் 2012ல போயிப் படுத்தேன். மணிக்கு 38. ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு 266. உங்கத்தை போட்ட கரிக்கோட்டுக்கு அந்த மிசினு ஒண்ணும் கொறச்சுச் சொல்லல.

உனக்கு எம்புட்டு வரும்னு எனக்குத் தோணுதத சொல்லவா? சட்டைக் காலரு என்ன அளவு? பதினேழரையா? ஆம்பளைக்கு பதினேழு இஞ்சி தாண்டுனாலே கவனிக்கச் சொல்லுதாவ. காலையில தலைவலி இருக்கா? ராத்திரி மூணு தடவை ஒண்ணுக்குப் போறியா? உங்க மச்சினிச்சி கல்யாணத்துல தாலி கட்டும்போது நீ அட்சதையக் கையில வச்சிக்கிட்டே தூங்குனதப் போட்டோவுலயே புடிச்சு வச்சிருக்காவ. சிக்னல்ல வண்டியில தூங்குனது உங்கம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கும்பகர்ணனாவது ஆறு மாசம் ஒழுங்காத் தூங்குனான்லே. நீ தூங்குததுதான் ஒனக்குத் தூக்கமாவே கணக்கில்ல.

டெஸ்டுல நம்பரு கூட வந்தா என்ன பண்ணலாம்? அந்த 1981 இருக்கு பாரு, விசேசமான வருசம். டெட்ராய்ட்ல ஃபுஜிட்டா கத்திய எழுதுன அதே வருசம், சிட்னில சல்லிவன்னு ஒரு டாக்டரு காத்த எழுதுனாரு. அதுக்கு முன்னால மோசமானவனுக்கு இருந்த ஒரே வைத்தியம், கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வைக்கிறது. 1969ல ஜெர்மனில தொடங்குனது. அடைப்பு இருக்க எடத்தையே சுத்திப் போயிருது, அதனால அது அநேகமாத் தவறாது. ஆனா எவன் சம்மதிப்பான்? சல்லிவன் தூசி உறிஞ்சுத மிசினு மோட்டாரு மாதிரி ஒண்ணத் திருப்பி வச்சு, மூக்குல முகமூடி மாட்டி, காத்த உள்ள ஊதுனாரு. ஊதுன காத்து தொண்டையத் தொறந்தே வச்சிருந்துச்சு. அஞ்சு பேர வச்சு எழுதுனாரு, இன்னைக்கு ஊர் பூரா அதான். நானும் தெனம் அதத்தான் மாட்டுதேன். மொதல் நாள் மாட்டிட்டு வந்து நின்னப்ப உங்கத்தை தேங்காய எடுத்துட்டு வந்து, "புள்ளையாரப்பா, செதறடிக்கவா?"ன்னா.

மாட்டவே முடியல, மூச்சு முட்டுதுங்கிறவனுக்குத்தான் பெரிய ஆபரேசனெல்லாம். மேல் தாடை கீழ்த் தாடை ரெண்டையும் அறுத்து, ஒரு சென்டி மீட்டரு முன்னால தள்ளி, தகடும் ஸ்குருவும் போட்டு நிப்பாட்டுதது ஒண்ணு. மூச்சு நிக்கிறதுக்கு நல்லாக் கேக்கும். ஆனா ஆதார் கார்டுல ஒம் மொகம் வேற, நெசத்துல வேறயாயிரும். இன்னொண்ணு நாக்கு நரம்புக்கு. நெஞ்சுத் தோலுக்கடியில சின்னப் பெட்டி, அதுலருந்து நாக்கு நரம்புக்கு வயரு. மூச்சு இழுக்கும்போதெல்லாம் பெட்டி நாக்கத் தட்டி முன்னால போடான்னு சொல்லும். அமெரிக்காவுல 2014ல அனுமதி குடுத்தாவ. 126 பேருக்கு வச்சுப் பாத்ததுல நடு ஆளோட கணக்கு மணிக்கு 29லருந்து ஒரு வருசத்துல 9க்கு எறங்கியிருக்கு. ரொம்பக் குண்டா இருக்கவனுக்கு வைக்க மாட்டாவ. வெறுங் கொறட்டைக்கும் இல்ல. ராத்திரி படுக்கும்போது ரிமோட்ல ஆன் பண்ணணும். ஒம் வீட்டுல ரிமோட்டு யாரு கையில இருக்கும்னு எனக்குத் தெரியும்.

மூக்குத் தண்டு வளைஞ்சிருக்குன்னு நிமித்தப் போறியா? மூச்சு லேசா வரும், முகமூடி மாட்டவும் தோதா இருக்கும், பண்ணலாம். ஆனா கொறட்டை போயிரும்னு அடிச்சு எவன் சொன்னாலும் எழுதி வாங்கு.

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்லாமச் சொல்லுதேன். ஒந் தங்கச்சி மவன், அந்த ஆறு வயசுப் பய, பொங்கலுக்கு வந்தப்பப் பாத்தேன். வாயத் தொறந்துட்டே தூங்குதான், கொறட்டை விடுதான், வேத்து ஊத்துது, படுக்கையிலயே ஒண்ணுக்குப் போறான். சின்னப் புள்ளைக்குக் கொறட்டை அழகில்ல. டான்சிலும் மூக்குக்குப் பின்னால இருக்க அடினாய்டு சதையும் வளந்து அடைச்சா அப்படித்தான் இருக்கும். மூச்சு நிக்கிது உண்மைன்னு ஆனா, அவனுக்கு மொதல் வைத்தியமே ஆபரேசந்தான், அநேகமா நல்லாவும் ஆயிரும். அத நாளைக்கே போயிக் காட்டச் சொல்லு. அதுக்கு நான் பணம் தாரேன், யாரும் கேக்கவே வேண்டாம்.

ஒன் விசயத்துக்கு வருவம். தொண்ணூத்தி நாலு கிலோ. நூத்துக்குப் பத்துப் பங்கு எடை கொறஞ்சா மூச்சு நிக்கிற கணக்குல நூத்துக்கு இருவத்தாறு கொறையும்னு விஸ்கான்சின்ல வருசக்கணக்கா ஆளுகளப் பின்னாலயே போயிப் பாத்து 2000ல எழுதியிருக்காவ. ஒன்பது கிலோலே. நான் பன்னெண்டு நாள் கஞ்சியில கொறச்சேன், நீ பரோட்டாவ விட்டாப் போதும். ராத்திரி பதினோரு மணிக்கு ஆறு பரோட்டா, சால்னா, அதுக்கு முன்னால ஒரு குவாட்டரு. சாராயம் உள்ள போனா தொண்டைச் சதை இன்னும் தளரும். அந்தச் சதைதான் வெறச்சு நிக்கணும்னு ஒண்ணே கால் லட்சம் குடுக்கப் போற. தெனம் எரநூறு ரூவா குடுத்து அத மயங்கடிக்கவும் செய்யுத. எடை கொறைக்க ஊசி ஒண்ணு வந்திருக்கு, டிர்செபடைடுன்னு. குண்டா இருந்து மூச்சுத் தடையும் உள்ளவங்களுக்கு 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாச்சு. டாக்டரக் கேளு. ஊசியப் போட்டுக்கிட்டுப் பரோட்டாக் கடைக்குப் போவாத.

மல்லாந்து படுத்தா மட்டும் கொறட்டை வாரவனுக்கு பனியன் முதுகுல பையத் தைச்சு டென்னிசு பந்து வைக்கச் சொல்லுவாவ. எனக்கு உங்கத்தை பந்து கெடைக்கலன்னு எலுமிச்சம்பழத்த வச்சுத் தைச்சா. ராத்திரி பூரா உருண்டதுல காலையில நான் ஊறுகா மாதிரி மணந்தேன்.

சுவிட்சர்லாந்துல ஒரு கூட்டம், ஆஸ்திரேலியாப் பழங்குடி சனம் ஊதுத டிட்ஜெரிடூன்னு நீளக் குழல எடுத்து, 25 பேருல பாதிப் பேர நாலு மாசம் ஊத வச்சிருக்காவ. ஊதுனவங்களுக்குத் தொண்டைச் சதை கட்டிப்பட்டு மூச்சு நிக்கிறது கொறஞ்சுதுன்னு 2006ல பெரிய வைத்தியப் பத்திரிகையிலயே வந்துது. அதுக்கு நையாண்டி நோபல் பரிசும் குடுத்தாவ, 2017ல. வேணும்னா ஒனக்கு ஒரு நாயனம் வாங்கித் தாரேன். ஒம் பொஞ்சாதி ஹாலுலருந்து அடுத்த தெருவுக்குப் போயிருவா.

ஆக, டெஸ்டுக்கு என்ன செலவோ அத இன்னைக்கே தாரேன். அதோட காயிதத்தக் கொண்டு வந்து காட்டு. அஞ்சுக்குள்ள வந்து, எடையும் எறங்கி, பாட்டிலும் ஒழிஞ்சு, அப்பவும் நாயனம் நிக்கலன்னா, எந்த எடத்துல சீவாளின்னு பாத்துச் சொல்லுத டாக்டருகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன், ஒண்ணே கால் இல்ல, ஒண்ணரையாத் தாரேன். கத்தி வைக்கிற நாள்ல மயக்க டாக்டருகிட்ட மூச்சு நிக்கிற சங்கதிய மறைக்காமச் சொல்லணும், கேட்டியா? மயக்கத்துலயும் வலி மாத்திரையிலயும் தொண்டை இன்னும் தளரும், அங்கதான் மோசம் போறது. பொஞ்சாதிகிட்டயும் இன்னைக்கே சொல்லு, ஹாலுக்குப் போறதுக்கு முன்னால ஒரு ராத்திரி போன்ல படம் எடுத்து…

ஏலே. மருமவனே. கேக்குதா?

ஏளா, இங்க வந்து பாரு. ஒண்ணே கால் லட்சம் கேக்க வந்தவன் தலைய பின்னால தொங்கப் போட்டுட்டான். ஆத்தாடி, என்ன சத்தம்! ஓட்டுல இருக்க பல்லி கீழ விழுந்துரும் போல. எழுப்பாத, எழுப்பாத. கோழிக் கொழம்பு வேலை செய்யட்டும்.

…நின்னுட்டு. ஏளா, சத்தம் நின்னுட்டு. நெஞ்சு ஏறுது பாரு, வயிறு துடிக்கு பாரு, மூக்குகிட்ட வெரல வையி. வரலியா? அந்தக் கடியாரத்த எடு. ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு… நீயும் சேந்து எண்ணுளா… பதினொண்ணு… பன்னெண்டு… பதினேழு… பதினெட்டு—

வந்துட்டான். பாத்தியா எப்படி ஒதறி இழுக்கான்னு. கரித்துண்டு எங்க இருக்கு? சுவத்துல ஒரு கோடு போடு. பக்கத்துல பதினெட்டுன்னு எழுது. அன்னா, மறுபடியும் நின்னுட்டு. ஒண்ணு… ரெண்டு…